62 வயதில் 91 கிலோ: எங்கிருந்து தொடங்குவது?

மதுரை_கம்பக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 62, உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 91. மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கம்பம் ஏறிய காலத்தில் எவ்வளவு தின்றாலும் 65ஐத் தாண்டியதில்லை. வேலை போய்விட்டது, அந்தப் பசி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை. வலது முழங்காலில் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து, குலசாமி கோயிலில். பந்தியில் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு இலையை மடித்தபிறகு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மருமகன்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

டாக்டரிடம் கேட்டால் எடையைக் குறைங்க, நடங்க என்கிறார். அதற்குமேல் கேட்க முடிவதில்லை, வெளியே அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்தால் முழங்கால் வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது. மகன் ஜிம்மில் சேரச் சொன்னான், போய்ப் பார்த்தேன், எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள், அந்தப் பாட்டுச் சத்தத்தில் ரத்தக் கொதிப்பு அங்கேயே ஏறியிருக்கும். அறுபதுக்கு மேல் தொடங்கி உண்மையிலேயே குறைத்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

எட்டுநடை_வேலு

அண்ணே கவலையே வேண்டாம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், அப்புறம் எட்டு நடை. தரையில் பெரிதாக எட்டு வரைந்துகொண்டு கால் மணி நேரம் ஒரு திசை, கால் மணி நேரம் எதிர்த் திசை. எங்கள் பூங்காவில் கூழாங்கல் பதித்த பாதையும் இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நாலைந்து சுற்று. பாதத்தில் நிறைய நரம்பு முனைகள் இருக்கின்றன. டிபனுக்குக் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு சப்பாத்தி. எனக்கு 58, ஆறேழு கிலோ இறங்கியது. செய்து பாருங்கள், பிறகு என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

சரஸ்வதி_கோவை

எனக்கு 67, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. 83 கிலோ இருந்தேன், இப்போது 70, 71இல் நிற்கிறது. இறங்குவதற்கு ஒன்றரை வருடத்துக்குமேல் ஆனது, இறங்கியதை ஏறவிடாமல் பிடித்துவைப்பது அதைவிடப் பெரிய வேலை, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீங்க.

முதல் விஷயம், நடந்து மட்டும் எடை குறையாது. நடை வேறு பலதுக்கு நல்லது, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு, மனசுக்கு. ஆனால் எடை குறைவது அடுக்களையில். உங்கள் எடைக்கு அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் 150 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்த கையோடு கூட்டாளிகளோடு டீக்கடையில் நின்று ஒரு டீ, ஒரு உளுந்து வடை. தீர்ந்தது, கணக்கு நேர், கொஞ்சம் கடன் வேறு. இங்கே ரேஸ்கோர்ஸில் தினமும் பார்க்கிறேன், வருடக்கணக்காக நடக்கிறவர்கள் வருடக்கணக்காக அதே தொப்பையோடு நடக்கிறார்கள். நடக்கிற நேரத்தைவிட நடந்து முடித்து நின்று பேசுகிற நேரம் அதிகம். பேசுவதும் தேவைதான், தனியாக இருப்பவர்களுக்கு அதுதான் மருந்து, ஆனால் கையில் தட்டில்லாமல் பேசலாம்.

நான் எதையும் நிறுத்தவில்லை. அளவை மாற்றினேன், வரிசையை மாற்றினேன். மதியம் தட்டில் முதலில் காய் விழும், பாதித் தட்டு நிறைய, பொரியலோ கூட்டோ கீரையோ எது செய்தேனோ அது. அப்புறம் பருப்பு, சுண்டல், முட்டை இப்படி ஏதாவது. சோறு கடைசியில். நம் வீடுகளில் சோற்றுக்குக் காய் தொட்டுக்கொள்வோம், நான் காய்க்குச் சோறு தொட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் அழுகை வந்தது, பிறகு வயிறு பழகிக்கொண்டது.

வேலு தம்பி சொன்ன சப்பாத்தி பற்றி. கோதுமையும் மாவுதான் சாமி. இரண்டு என்று ஆரம்பித்து, எண்ணெய் தடவிச் சுட்டு, தேங்காயும் முந்திரியும் அரைத்த குருமாவைப் பார்த்ததும் நான்காக முடியும். அதைவிட ஒரு கிண்ணம் சோறும் நிறையக் காயும் ரசமும் மேல். இன்னொரு வேடிக்கை விரதம். ஏகாதசி, சனிக்கிழமை என்றால் சோறு தொடமாட்டார்கள், ஆனால் இட்லி, கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் உள்ளே போகும். பெருமாளுக்குத் தெரியாதா என்ன.

தேன் எலுமிச்சை கொழுப்பைக் கரைக்காது. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, தேனும் சர்க்கரைதான். கொள்ளு நல்ல சாமான், புரதமும் நாரும் இருக்கிறது, இட்லி தோசை குறைத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளு வந்தால் பலன் உண்டு, எல்லாம் தின்றுவிட்டு மேலே கொள்ளு ரசம் குடித்தால் ஒன்றும் நடக்காது.

கடைசியாக எண்ணெய். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்பது நல்ல அளவு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் போய்க்கொண்டிருந்தது, அதில் எவ்வளவு என் இடுப்பில் சேர்ந்தது என்று நினைத்தாலே பகீர் என்கிறது. டீயில் சர்க்கரையை நீங்கள் ஏற்கெனவே விட்டிருப்பீர்கள். கூட வரும் மாரி பிஸ்கட்டை விட்டீர்களா?

நாகர்கோவில்_பிசியோ

சார், நான் பிசியோதெரபிஸ்ட், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சாப்பாடு பற்றி சரஸ்வதி அம்மா சொன்னதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொன்ன பிரச்சினை வேறு. தரையிலிருந்து எழுந்திருக்க முடியாததற்குத் தொப்பை பாதிக் காரணம்தான், மீதி தொடையிலும் இடுப்பிலும் தசை போய்விட்டது. கம்பம் ஏறிய கால் நாற்காலியில் உட்கார்ந்தே கரைந்திருக்கிறது. எடையை மட்டும் குறைத்தால் 75 கிலோவில் இருப்பீர்கள், அப்போதும் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்னச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயதுவரை உள்ள ஆண்களுக்கு 14க்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் ஆபத்து கூடுதல் என்று அர்த்தம்.

இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. எட்டு அல்லது பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், ஓரிரு நிமிடம் ஓய்வு, இன்னொரு சுற்று, முடிந்தால் மூன்றாவது. முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், கால் பலப்பட்டதும் தலையணையை எடுத்துவிடலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள், தசை வளர்வது அங்கேதான் அதிகம். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கையூன்றித் தண்டால். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. இவ்வளவுதான், இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதாகிவிட்டால் கணுக்காலில் மணல் மூட்டை கட்டுவது, பையில் அரிசிப் பொட்டலம் வைத்துக்கொண்டு எழுவது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரே அளவில் நின்றால் தசையும் அங்கேயே நின்றுவிடும்.

முழங்கால் தேய்மானத்துக்கு ஓய்வுதான் மருந்து என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். தொடைத் தசை பலமாக இருந்தால்தான் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் அதே வலி, அல்லது வீக்கம் என்றால் அளவைக் குறையுங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும், 65க்குத் திரும்பிப் போக வேண்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நடையை ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்று வைக்காதீர்கள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம், முழங்காலும் தாங்கும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் குறையும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது, அதோடு தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது, 65 வயதுக்கு மேல் சமநிலைப் பயிற்சி மூன்று நாளாவது என்கிறது. நம் ஊரில் அந்த 150 மட்டும்தான் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது.

இனி எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இத்தனை வருடம் கழித்துத் தொடங்குவதால் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுவது நல்லது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாட்டைக் குறைத்து நடையையும் கூட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

வேலு அண்ணன் மன்னிக்க வேண்டும், கூழாங்கல் பாதை மட்டும் வேண்டாம். பல வருடச் சர்க்கரையில் பாத உணர்வு குறைந்திருந்தால் கல் குத்திப் புண்ணானதே தெரியாது. அப்படி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பாதையைக் கண்டாலே எரிச்சல். எட்டு நடையில் தவறில்லை, திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்கு நல்லதுதான், ஆனால் முழங்காலில் வலி இருக்கும்போது இறுக்கமான வளைவு வேண்டாம், எட்டைப் பெரிதாகப் போடுங்கள்.

தஞ்சை_ரவி

எல்லாரும் குறை குறை என்கிறீர்கள், என் மச்சான் கதையையும் கேளுங்கள். 64 வயது, பேலியோ என்று சோறு, மாவு எல்லாம் விட்டுக் கறி, முட்டை, காய் என்று ஆரம்பித்தார், கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அதை விட்டுவிட்டு ஒரு வேளைதான் சாப்பாடு, மீதி நேரம் வெந்நீர், எலுமிச்சைச் சாறு என்று அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். கிடுகிடுவென்று குறைந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொங்கி, பார்க்கிறவன் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்டான். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை, படுக்கை. இப்போது வாக்கரோடு நடக்கிறார், போன எடையில் பாதி திரும்ப வந்துவிட்டது. அறுபதுக்கு மேல் இதெல்லாம் தேவையா? தின்கிறதைத் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாகர்கோவில்_பிசியோ

ரவி சார், உங்கள் மச்சானுக்கு நடந்ததுதான் நான் மேலே பயந்தது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும். ஒவ்வொரு தடவை குறைத்து ஏற்றும்போதும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகிறது. அதனால்தான் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குமேல் வேண்டாம், புரதம் குறையக்கூடாது, தசைப் பயிற்சி கூடவே இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பருமனானவர்களை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வில், உணவைக் குறைத்து நடையும் எடைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் உடல் இயக்கம் அதிகம் முன்னேறியது.

இத்தனை வயதுக்குமேல் தசை வருமா என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன். 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய ஒரு சிறு குழுவுக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை இரண்டரை மடங்குக்குமேல் ஆனது. நம் கம்பக்காரர் அவர்களுக்குப் பிள்ளை வயது.

மதுரை_கம்பக்காரன்

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நாற்காலிச் சோதனையைச் செய்து பார்த்தேன், பத்தைத் தொடவில்லை, கடைசியில் கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது. அம்மா, மாரி பிஸ்கட் டப்பாவைப் பற்றி எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது, மெட்ஃபார்மினும் சேர்ந்தது. அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்கப் போகிறேன், நாற்காலியை இன்றைக்கே தொடங்கிவிட்டேன். மூன்று சந்தேகம். புரதம் என்றால் எவ்வளவு, எங்களுக்குக் கறி மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், முட்டை செவ்வாய் வெள்ளி கிடையாது. இரண்டாவது, மகன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டான், அது தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லி அதட்டுகிறது, நான் மூவாயிரத்தைத் தாண்டுவதில்லை. மூன்றாவது வீட்டம்மா. அவளும் 78 கிலோ, அவளுக்கும் முழங்கால் வலி. உங்களுக்குத் தனியாக, எனக்குத் தனியாக என்று இரண்டு சமையல் என்னால் ஆகாது என்கிறாள். நியாயம்தானே.

சரஸ்வதி_கோவை

ரொம்ப நியாயம். இரண்டு சமையல் எதற்கு, ஒரே சமையலை இரண்டு பேரும் சாப்பிடுங்கள். நீங்கள் போய்க் காய் நறுக்கிக் கொடுங்கள் தம்பி. பாதித் தட்டு காய் என்று இங்கே நான் சுலபமாக எழுதிவிட்டேன், அவ்வளவு பீன்ஸையும் கீரையையும் ஆய்ந்து நறுக்குவது யார்? பல வீட்டில் டயட் இரண்டாவது வாரம் நின்றுபோவது இந்த இடத்தில்தான், மனஉறுதி இல்லாததால் இல்லை. ராத்திரி டிவி பார்க்கும்போது மறுநாளைக்குக் கீரையை ஆய்ந்து வையுங்கள். கை வேலையாக இருந்தால் முறுக்கு டப்பா பக்கம் போகாது, அது கூடுதல் லாபம்.

புரதக் கணக்கை பிசியோ தம்பி சொல்லட்டும், சாமான் நான் சொல்கிறேன். ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம் அளவுக்குத்தான் தேறும், முட்டையில் ஆறு. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் நூறு கிராமில் எட்டு ஒன்பது. அரை லிட்டர் பாலோ தயிரோ நாள் முழுக்கச் சேர்த்தால் பதினாறு வரும். சோயா உருண்டை ஐம்பது கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் இருபத்தைந்து, சிலருக்கு வாசனை பிடிக்காது, கொஞ்சம் கரம்மசாலா தூக்கலாகப் போட்டால் தெரியாது. செவ்வாய் வெள்ளிக்குப் பாசிப்பயறு, கொள்ளு, பன்னீர். சாயங்காலம் நான்கு மணிப் பசிக்கு மிக்சருக்குப் பதில் சுண்டல் என்று ஒன்றை மாற்றினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

நாகர்கோவில்_பிசியோ

உங்கள் உயரத்துக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 75 கிராம் புரதம் என்று வையுங்கள். சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும், சிறுநீரகம் பாதித்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள், நம் காலைச் சாப்பாட்டில்தான் புரதம் சுத்தமாக இருப்பதில்லை.

பத்தாயிரம் என்ற கணக்கை விடுங்கள். அது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்குப் பிடித்த பெயரிலிருந்து வந்தது. சராசரியாக 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த, 2019இல் வந்த பெரிய ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. மூவாயிரத்தில் இருப்பவர் நாலாயிரத்துக்குப் போவது நல்ல அறுவடை. கடிகாரத்தின் இலக்கை மகனிடம் சொல்லி மாற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது தினமும் உங்களைத் தோற்றவராக்கிக்கொண்டே இருக்கும்.

ஷோபா_சென்னை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 70, எடை 80க்கு மேல். வெளியே போய் நடங்கள் என்றால், நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே அது போதாதா என்கிறார். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது, நாய்த் தொல்லை வேறு, அதனால் அழுத்திச் சொல்லவும் பயமாக இருக்கிறது. இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறதே, அதைப் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்கிறான். யாருக்காவது தெரியுமா?

நாகர்கோவில்_பிசியோ

ஊசியை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மௌன்ஜாரோ, வெகோவி என்ற இரண்டு ஊசிகளும் 2025இல் இங்கே விற்பனைக்கு வந்தன, எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் பசியே இல்லாமல் போவதால் 70 வயதில் புரதமும் குறைந்துபோகும், தசைப் பயிற்சி இல்லாமல் அதைப் போட்டால் ரவி சார் மச்சான் கதைதான். நிறுத்தினால் எடை திரும்புவதும் சகஜம். தம்பியிடம் ஒவ்வொரு மாதமும் ஆகும் செலவையும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வீட்டு வேலை பற்றி, அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நாள் முழுக்க நின்று களைத்துப்போகிறார், ஆனால் தொடைக்கும் இடுப்புக்கும் பாரம் ஏறுகிற வேலை இப்போது வீட்டில் இல்லை, எல்லாம் நின்றபடி செய்யும் வேலை. நாற்காலிப் பயிற்சியை அவருக்கும் சொல்லுங்கள், கதவைத் தாண்ட வேண்டியதில்லை. நகரவே சிரமப்படுகிற நிலை என்றால் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சரஸ்வதி_கோவை

ஷோபா கண்ணு, மொட்டை மாடி இருக்கிறதா? வெயில் ஏறுமுன், இல்லாவிட்டால் சாயங்காலம் துணி எடுக்கப் போகும் சாக்கில் பத்து நிமிடம். ‘வா நடக்கலாம்’ என்று கூப்பிட்டால் எந்த அம்மாவும் வரமாட்டாள், ‘துணி எடுக்கணும், கூட வா’ என்றால் வருவாள். அங்கே பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தியைச் சேர்த்துவிட்டால் அப்புறம் நீ கூப்பிடவே வேண்டாம், இறங்கி வா என்று கத்த வேண்டியிருக்கும். நான் வருடக்கணக்காக நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடியில்தான் நடந்தேன், ரேஸ்கோர்ஸ் எல்லாம் தைரியம் வந்தபிறகு.

தஞ்சை_ரவி

பிசியோ சார், மச்சானை நாற்காலியில் எழுந்து உட்காரச் சொல்லலாமா? வாக்கர்தான், ஆனால் டாக்டர் முழுப் பாரமும் ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்கச் சொன்னாள்.

நாகர்கோவில்_பிசியோ

அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பிசியோவை வைத்துக்கொண்டு முதலில் செய்யட்டும். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, முன்னால் வாக்கர், தாழ்வான சோஃபா கூடவே கூடாது. அவர் எப்படியும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்துதான் ஆக வேண்டும், அதையே பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். குளியலறையில் சுவரில் கைப்பிடி பொருத்திவிட்டீர்களா, அதை முதலில் செய்யுங்கள்.

வைகை_வாசி

கம்பக்காரரே, நானும் மதுரைதான். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நிறையப் பேர் நடப்பார்கள், நம் வயசுக்காரர்கள்தான் அதிகம், நடுவில் மூச்சு வாங்கினால் உட்காரவும் இடம் இருக்கிறது. கோடையில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும், ஐந்தரைக்கே வந்துவிடுங்கள்.

மதுரை_கம்பக்காரன்

நல்லதாகப் போயிற்று, அனுப்பானடியில்தான் இருக்கிறேன், பக்கம்தான். ஒன்றே ஒன்று, காலுக்கு என்ன போட்டுக்கொண்டு வருவது? இதுவரை ரப்பர் செருப்புத்தான், மகன் ஷூ வாங்கித் தருகிறேன் என்கிறான். குனிந்து கயிறு கட்டுவது எனக்குப் பெரும்பாடு.

நாகர்கோவில்_பிசியோ

ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமே கிடையாது. கயிறு வேண்டாம், ஒட்டும் பட்டை வைத்த ஷூவாகப் பாருங்கள், முன்பக்கம் அகலமாக, விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கி முழு அளவில் இருக்கும், போடப்போகும் சாக்ஸையும் மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். பாதத்தில் மதமதப்போ எரிச்சலோ இருந்தால் ஷூ வாங்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு எழுதிக் கொடுப்பார். நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.